பாட்டெல்லாம் போனில் இருக்கும்போது பழைய ரேடியோவுக்கு எதற்கு ஏக்கம்?

2 ஜூலை 2023 – வாசகர் ஒருவர் கேட்டது

சிலோன் ரேடியோ, திருச்சி வானொலி, நெல்லை வானொலி என்று நாற்பதைத் தாண்டிய எல்லோரும் உருகுகிறார்கள். எனக்குப் புரியவில்லை. அந்தப் பாட்டு அத்தனையும் இப்போது போனில் இருக்கிறது. கரகரப்பு இல்லை, காத்திருக்க வேண்டாம், பிடிக்காததைத் தள்ளிவிடலாம். அப்புறம் எதைத்தான் இழந்தோம்? நீங்கள் எல்லோரும் தேடுவது உங்கள் சின்ன வயதைத்தானே?

2 ஜூலை, இரவு

சின்ன வயதைத் தேடவில்லை. பள்ளிவிட்டு வந்ததும் மடியில் பீடித் தட்டு ஏறிவிடும் வயது அது. அதை யாரும் திரும்பக் கேட்க மாட்டார்கள். எனக்கு இல்லாமல் போனது பாட்டுக்கு முன்னால் வந்த நாலு வரி.

நான் முக்கூடல் பக்கம். வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற ஊர். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பீடிக் கடை நோட்டில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டும். அப்படிப்பட்டவளுக்கு எந்தப் பாட்டு மருதகாசி, எது பட்டுக்கோட்டையார், எது கண்ணதாசன் என்பது அத்துபடி. இசை யார் என்று கேட்டால் ஜி. ராமநாதன், கே. வி. மகாதேவன், விஸ்வநாதன் ராமமூர்த்தி என்று தெளிவாகப் பிரித்துச் சொல்வாள். ஏ. எம். ராஜா பாடவும் செய்வார், இசையும் அமைப்பார் என்பதை எனக்குச் சொன்னதே அவள்தான்.

எல்லாம் ரேடியோவில் கற்றது. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படம், எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் இசைத்தட்டை ஓடவிடுவார்கள். பாட்டு நடக்கும்போது அம்மா பேசிக்கொண்டிருப்பாள்; அது முடிந்ததும் எங்களை அடக்குவாள். "ஏட்டி, சத்தத்தைக் கூட்டு. அடுத்தது யாரு எழுதுனதுன்னு சொல்லப் போறாவ."

போனில் அந்தப் பாட்டைப் போட்டால் நடிகர் படம் வருகிறது, படத்தின் பெயர் வருகிறது. எழுதியவர் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, பல இடங்களில் இருப்பதே இல்லை. எழுத்தறியாத ஒருத்திக்கு அது எப்படிப் போய்ச் சேரும்?

3 ஜூலை, காலை

என்ன ரேடியோ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிலிப்ஸ் டிரான்சிஸ்டர், பழுப்புத் தோல் உறை போட்டது. ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் மட்டும் உறையில் பொடிப்பொடி ஓட்டை இருக்கும். பின்பக்கம் பித்தளைப் பொத்தான். பேட்டரி இறங்கினால் எடுத்து வெயிலில் காயப்போடுவோம், இன்னும் கொஞ்ச நாள் ஓடும்.

அந்த ரேடியோவுக்கு ஜன்னல் திட்டில் இரண்டு இடம் உண்டு. அம்மா சாக்கட்டியால் கோடு போட்டு வைத்திருந்தாள். ஒரு கோட்டுக்கு நேராக வைத்தால் நெல்லை, இன்னொரு கோட்டுக்குத் திருப்பினால் சிலோன். சும்மா ஒரு பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். பின்னாளில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒரு ஃபெரைட் குச்சி, அதன்மேல் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். நெல்லையும் சிலோனும் வந்த மீடியம் வேவ் அலைவரிசைக்கு அதுதான் ஏரியல். குச்சியின் பக்கவாட்டு நிலையத்தைப் பார்த்து இருந்தால் நன்றாக இழுக்கும், முனை பார்த்தால் சத்தம் செத்துவிடும். அம்மா எதையும் திறந்து பார்க்காமலே அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாள்.

3 ஜூலை, மதியம்

மேலே ஒருவர், சிலோன் அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்கு அவர்களுடைய மெஷின் பெரிது என்பதே காரணம் என்கிறார். மெஷினும் ஒரு காரணம்தான். பெரிய காரணம் கடல். மீடியம் வேவ் அலை தரையை ஒட்டியே போகும். காய்ந்த மண்ணிலும் பாறையிலும் அதன் சக்தி சீக்கிரம் கரைந்துவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் என்பதால் கடல்மேல் போகிற அலைக்குச் சேதாரம் குறைவு. கொழும்பிலிருந்து கிளம்பும் அலை மன்னார் வளைகுடாவைத் தாண்டி எங்கள் பக்கம் ஏறும்போதும் தெம்பாகவே இருக்கும். அதனால்தான் தூத்துக்குடி, இராமநாதபுரம், நெல்லை எல்லாம் சிலோன் ஊர்களாகவே இருந்தன.

இராத்திரிக் கதை வேறு. பகலில் வானத்தின் மேலடுக்கு ஒன்று மீடியம் வேவைத் தின்றுவிடும். சூரியன் இறங்கியதும் அந்த அடுக்கு கலைந்துபோகும், அலை இன்னும் மேலே போய் எதிரொலித்துத் தூரத்து ஊர்களில் இறங்கும். ஏழு மணிக்கு மேல் கன்னடமும் தெலுங்கும் வந்து கலக்கிற கொடுமை அதனால்தான். பாட்டு போய்ப்போய் வருமே, கிணற்றுக்குள் இறங்கி ஏறுகிற மாதிரி, அதுவும் அதனால்தான்.

4 ஜூலை

நம் நாட்டு ரேடியோ இருக்கும்போது ஏன் பக்கத்து நாட்டு ரேடியோவைக் கேட்டோம்? இதற்கு ஓர் அரசியல் கதை இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது.

1952-இல் பி. வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்தார். சாஸ்திரிய சங்கீதத்தின் மேல் உயிரையே வைத்திருந்தவர். சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்பது அவருடைய வாதம். ஆல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு வற்றிப்போனது. அதற்கு இரண்டு வருடம் முன்புதான் ரேடியோ சிலோன் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. இந்தியா முழுக்க ஜனங்கள் ஊசியை அந்தப் பக்கம் திருப்பினார்கள். இந்திக்காரர்களுக்கு அங்கிருந்து அமீன் சயானியின் குரல், நமக்கு எஸ். பி. மயில்வாகனத்தின் குரல். பிறகு தில்லிக்கு உறைத்து, 1957 அக்டோபர் 3-ஆம் தேதி சினிமாப் பாட்டும் போடுகிற விவித பாரதியைத் தொடங்கினார்கள். அதற்குள் கொழும்புக் குரல்கள் நம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாகிவிட்டது.

கேஸ்கர் மேல் எனக்குக் கோபம்தான். சாஸ்திரிய சங்கீதத்துக்கு அவர் செய்தது பெரிய காரியம், அதை மறுக்கவில்லை. ஆனால் பீடி சுற்றுகிறவள் எதைக் கேட்க வேண்டும் என்று தில்லியில் உட்கார்ந்து முடிவு செய்தது தப்பு.

4 ஜூலை, இரவு

அறிவிப்பாளர்களின் பெயரைக் கேட்டிருந்தீர்கள். நினைவிலிருந்து எழுதுகிறேன்: மயில்வாகனம், ராஜேஸ்வரி சண்முகம், கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், விசாலாட்சி ஹமீத், சற்சொரூபவதி நாதன், புவனலோசனி துரைராஜசிங்கம், ஜெயகிருஷ்ணா. ராஜாவின் குரல் பாய்ந்து வரும், மூச்சு விடுவதே கேட்காது. ஹமீத் எவ்வளவு வேகமாகப் பேசினாலும் ஓர் எழுத்து உடையாது. ளகரம், ழகரம் எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கும். ராஜேஸ்வரி அம்மா பேசினால் பக்கத்து வீட்டு அக்கா திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரியே இருக்கும் என்று என் சித்தி சொல்வாள். அவர் 2012-இல் இறந்தபோது சித்தி எனக்குப் போன் போட்டு, சொந்தத்தில் ஒரு சாவு விழுந்ததுபோல அழுதாள்.

காலையில் பொங்கும் பூம்புனல் நிகழ்ச்சி, அப்புறம் நீங்கள் கேட்டவை, இசையும் கதையும், பாட்டுக்குப் பாட்டு, படுக்கப் போகும்போது இரவின் மடியில். எங்கள் தெருவில் கடிகாரம் இருந்த வீடுகளே குறைவு. பூம்புனல் முடிந்துவிட்டால் இட்லிக் கொப்பரை இறங்கியாக வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

5 ஜூலை

"பஞ்சாயத்து ரேடியோவை மறந்துவிட்டீர்களே" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். மறக்கவில்லை ஐயா, எழுதத் தயங்கினேன்.

ஊர் நடுவில் ரேடியோ ரூம். சாயங்காலம் ஒருவர் வந்து பூட்டைத் திறப்பார், மேலே குழாய் ஸ்பீக்கர் அலறும். சுற்றி ஆண்கள் உட்கார்ந்து செய்தி கேட்பார்கள். உங்கள் ஊரில் எப்படியோ, எங்கள் ஊரில் பெண்கள் அங்கே போய் உட்கார முடியாது. ஆண்களிலும் எல்லாத் தெருக்காரர்களும் உட்கார்ந்துவிட முடியாது, சிலர் தள்ளி நின்றுதான் கேட்டார்கள். அம்மா கல்யாணமாகி வந்த புதிதில் அந்தக் குழாய்ச் சத்தத்தைக் காற்றடிக்கும் திசையைப் பொறுத்து அரைகுறையாகத்தான் கேட்டிருக்கிறாள்.

டிரான்சிஸ்டர் வந்துதான் ரேடியோவைப் பெண்கள் கைக்குக் கொடுத்தது. பீடித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், கரண்ட் வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். ஏக்கம் ஏக்கம் என்கிறோமே, எனக்கு அந்த ரேடியோ ரூமின் மேல் ஏக்கம் கிடையாது.

5 ஜூலை, இரவு – சின்னதாக ஒன்று

ரேடியோவுக்கு லைசென்ஸ் இருந்தது என்றால் இப்போது யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள். இருந்தது. போஸ்ட் ஆபீசில் பணம் கட்டி வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று யாராவது புரளி கிளப்பினால் போதும், தெருவில் பாதி ரேடியோ அரிசிப் பானைக்குள் போய்விடும். ஒரு தடவை எதிர்வீட்டு ஆச்சி அவசரத்தில் அணைக்காமலே உள்ளே வைத்துவிட்டார், அரிசிப் பானை பாடிக்கொண்டே இருந்தது. வந்தவர் இன்ஸ்பெக்டர் இல்லை, ஈயம் பூசுகிறவர். அவரும் உட்கார்ந்து பாட்டு முடிகிறவரை கேட்டுவிட்டுத்தான் போனார்.

7 ஜூலை

முதல் குறிப்பில் நாலு வரி என்று எழுதினேன். அதற்குப் பிறகும் மனசு அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நாலு வரி பெரிய இழப்புதான். ஆனால் கேள்வி கேட்ட தம்பி அதற்கும் பதில் வைத்திருப்பார்: பெயர்களைச் சேர்த்துப் பதிவேற்றினால் தீர்ந்தது என்பார். அது சரியான பதிலும்கூட.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. பழைய பாட்டு எல்லாம் போனில் இருக்கிறது என்று சொல்கிறோமே, சினிமாப் பாட்டு இருக்கிறது. ரேடியோ நிலையம் தானே உண்டாக்கிய பாட்டு எங்கே?

நெல்லை நிலையம் 1963-இல் வந்தது. காலையில் ஆகாசவாணியின் முகப்பு இசை (வால்டர் காஃப்மன் அமைத்தது என்று சொல்வார்கள், ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு வந்து சேர்ந்தவர்), அப்புறம் வந்தே மாதரம், அப்புறம் மங்கள இசை. மங்கள இசையில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரம் வந்தால் எங்கள் பக்கம் ஒரு தனிப் பெருமை, காருகுறிச்சி எங்களுக்கு எட்டிப்பிடிக்கிற தூரம். அவர் 1964-லேயே போய்விட்டார். நான் கேட்டதெல்லாம் அவர் போன பிறகுதான், ஆனாலும் விடியற்காலையில் அந்தச் சத்தம் வந்தால் ஆள் உயிரோடு இருப்பது மாதிரியே இருக்கும்.

மங்கள இசை மட்டுமில்லை. வில்லுப்பாட்டு, கணியான் கூத்துப் பாட்டு, நாட்டுப்புறப் பாடல், மெல்லிசை. நாற்று நடும் பெண்களையும் கோயில் கொடைத் திருவிழாவில் பாடுகிறவர்களையும் ஸ்டூடியோவுக்குக் கூட்டிவந்து பாடவைத்தார்கள். எந்தக் கம்பெனியும் அவர்களை இசைத்தட்டு போடவில்லை. அவர்கள் குரல் காந்த நாடாவில் ஏறியது நிலையத்தில் மட்டும்தான். சென்னையில் எம். பி. சீனிவாசன் சேர்ந்திசை சொல்லிக்கொடுத்தாரே, ஒரே பாட்டைப் பல குரல் பல அடுக்காகப் பாடும், அதையும் நான் முதலில் கேட்டது ரேடியோவில்தான். ரேடியோவுக்கென்றே எழுதி, ரேடியோவுக்கென்றே மெட்டுப் போட்ட அந்த மெல்லிசைப் பாடல்களில் எத்தனை இன்று உங்கள் போனில் கிடைக்கும்? தேடிப் பாருங்கள். ஒரு கை விரலுக்குள் அடங்கிவிடும்.

தம்பிக்கு இதுதான் என் பதில். நீங்கள் போனில் கேட்பது ரேடியோவுக்கு வெளியிலிருந்து வந்தது. ரேடியோவின் சொந்தப் பிள்ளைகள்தான் காணாமல் போனார்கள்.

8 ஜூலை

"நாடா எல்லாம் நிலையத்தில் பத்திரமாக இருக்குமே?" என்று கேட்கிறார் ஒருவர்.

சிலது இருக்கும். பெரிய வித்வான்களுடைய கச்சேரிகளை ஆவணக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்கள், ஆகாசவாணியே சிலவற்றைக் குறுந்தகடாக வெளியிட்டது. ஆனால் அந்தக் காலத்து ஸ்பூல் நாடா விலை கூடியது. ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன்மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவது ரேடியோ உலகம் முழுக்க இருந்த வழக்கம். ஒரு கிராமத்து வில்லுப்பாட்டா, ஒரு பெரிய வித்வானா, எதை வைப்பது என்று வந்தால் எது அழிந்திருக்கும் என்று சொல்லவே வேண்டாம். நேரலையில் பேசிய அறிவிப்பாளர் பேச்சு நாடாவில் ஏறவே இல்லை.

ஒரு நிலையத்துக்கு நான் எழுதிக் கேட்டேன், எங்கள் ஊர்ப் பாட்டுக்காரர் ஒருவர் பாடியது இருக்கிறதா என்று. பதில் வரவில்லை. அவருடைய பேத்திக்கு அவர் குரல் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

9 ஜூலை, காலை

டெல்டாக்காரர் ஒருவர் வந்து "பாட்டு மட்டும்தானா ரேடியோ?" என்கிறார். நியாயம். ஏடிடி 27 நெல் வந்த காலத்தில் திருச்சி வானொலி அதை எப்படிப் பயிர் செய்வது என்று நாள் தவறாமல் சொல்லிக்கொடுத்தது. அறுபதுகளின் நடுவில். தஞ்சாவூர்ப் பக்கம் அந்த நெல்லுக்கே ரேடியோ நெல் என்று பெயர் வந்துவிட்டது. ஓர் ஒலிபரப்புக்கு இதைவிடப் பெரிய விருது யாரும் கொடுத்துவிட முடியாது.

தென்கச்சி கோ. சுவாமிநாதனும் அந்த வழியில் வந்தவர்தான். விவசாயம் படித்தவர், நெல்லை நிலையத்தில் விவசாய நிகழ்ச்சி செய்தவர். சென்னைக்குப் போய் "இன்று ஒரு தகவல்" நிகழ்ச்சியில் பேசிய பிறகு ஊர் முழுக்கத் தெரிந்தவரானார். அவருடைய நகைச்சுவையில் அவசரமே இருக்காது. கதையைச் சொல்லிக்கொண்டே போய், கடைசி வரியை நம் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற பையன்கூடக் கையை நிறுத்திவிட்டுக் கேட்பான். 2009-இல் போனார்.

காலை 7.15-க்கு தில்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்சுவாமி. அதைப் பற்றி நான் தனியாக எழுத வேண்டியதில்லை, எல்லோருக்கும் காதுக்குள்ளேயே இருக்கிறது.

9 ஜூலை, இரவு

தூரத்து நாட்டு ஒலிபரப்பு வரும் ஷார்ட்வேவ் பற்றி யாரோ ஆரம்பித்துவைத்தார்கள், என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பெய்ஜிங், மணிலா வெரித்தாஸ், வத்திக்கான், மாஸ்கோ, லண்டன் பிபிசியின் தமிழோசை: எல்லோரும் தமிழில் பேசினார்கள். கேட்டேன், இந்த மீட்டரில் இவ்வளவு தெளிவாக இருந்தது என்று கடிதம் போட்டால் வண்ண அட்டை அனுப்புவார்கள், கியூஎஸ்எல் அட்டை என்று பெயர். என் மாமா இதில் பித்துப்பிடித்தவர். சீனாவிலிருந்து வந்த காலண்டர் எங்கள் வீட்டுக் கதவில் வருடம் முடிந்த பிறகும் தொங்கியது. தமிழோசை 2017 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு ரேடியோவில் நின்றுவிட்டது. 1941-இல் தொடங்கியது அது.

இதெல்லாம் உள்ளூர் ரேடியோ இல்லை என்பது தெரியும். ஆனால் இரவு பத்து மணிக்கு முக்கூடலில் உட்கார்ந்து கேட்டவருக்கு எது உள்ளூர், எது வெளியூர்?

11 ஜூலை

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். சிலோன் ரேடியோவைப் பற்றிப் பேசும்போது பாட்டோடு நிறுத்திக்கொள்கிறோம். அது அங்கே இருந்தவர்களுடைய ரேடியோ. நாம் கடலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவர்கள்.

பிறந்தநாள் வாழ்த்தில் பெயர் வரிசை நீளமாகப் போகும்: அம்மா, அப்பா, அப்பம்மா, மாமாமார், மாமிமார், ஊரின் பெயர். மரண அறிவித்தலிலும் அப்படியே: இன்னாரின் அன்புக் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, அப்புறம் ஊர். அளவெட்டி, சுழிபுரம், சாவகச்சேரி, வல்வெட்டித்துறை, கல்முனை. அம்மா எங்கள் தாலுகாவைத் தாண்டிப் போனது அபூர்வம். ஆனால் இந்த ஊர்ப் பெயர்கள் எல்லாம் அவளுக்குப் பழக்கம். மரண அறிவித்தலில் சின்ன வயதுக்காரர் என்று தெரிந்தால் பீடி சுற்றும் கை நின்றுவிடும்.

1983 ஜூலையில் அங்கே தமிழர்களைத் தாக்கிய கலவரத்துக்குப் பிறகு அதே பெயர்கள் செய்தியில் வர ஆரம்பித்தன. "அந்த ஊருதானே, அங்கெ ஒரு பிள்ளைக்குப் பொறந்தநாள் சொன்னாவளே" என்பாள். நமக்குப் பழகிய குரல்களில் சில அங்கிருந்து சிதறி வேறு நாடுகளுக்குப் போயின. கே. எஸ். ராஜா 1994-இல் கொழும்பில் கொல்லப்பட்டார். அந்தக் குரலைக் கேட்டுச் சிரித்துக்கொண்டு தட்டு நிறைய பீடி சுற்றிய தெரு எங்களுடையது. செய்தி வந்த அன்று யாரும் ரேடியோ வைக்கவில்லை.

ஜூலை மாதத்தில் இந்தப் பேச்சு தொடங்கியதால் எழுதிவிட்டேன்.

12 ஜூலை

"எனக்கு வயது முப்பத்தைந்து, எனக்கு ரேடியோ என்றால் கொடைக்கானல்தான்" என்று தேனிக்காரர் எழுதியிருப்பது அழகு. கொடைக்கானல் எஃப்எம், 100.5. அதற்கும் ஒரு விஞ்ஞானம் உண்டு. எஃப்எம் நேர்கோட்டில் போகும், மலை குறுக்கே வந்தால் நின்றுவிடும். அவர்கள் கோபுரத்தையே மலைமேல், கடல் மட்டத்துக்கு 2,000 மீட்டருக்கு மேலே வைத்துவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் மதுரை, தேனி, திண்டுக்கல் எல்லாம் காலடியில். தெற்கில் ஓடிய பஸ், லேத் பட்டறை, தீப்பெட்டி ஆபீஸ் எல்லாவற்றிலும் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் ஓடியது. பஸ் ஊர் ஊராகப் போகும், இறங்கி டீக்கடைக்குப் போனால் அங்கே அடுத்த வரி. அந்த அனுபவம் போனில் வராது என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள், நன்றி.

13 ஜூலை

கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். "அப்படியானால் உங்களுக்குப் போன் வேண்டாமா?" என்கிறார்.

வேண்டும். ரொம்ப வேண்டும். ஒரு பாட்டுக்காக 15 காசு அட்டை எழுதிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களைக் கேளுங்கள். பாட்டு வந்த அன்று ஆள் வீட்டில் இல்லாமல் போய்விடுவார். ஜிக்கியும் ஜமுனா ராணியும் பாடியதை நினைத்தவுடன் கேட்க முடிகிறது என்பது எனக்கு இன்றும் அதிசயம்தான். அம்மாவின் கடைசிக் காலத்தில் போனில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். அவளுக்கு ஆசை தீரவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் எழுதியவர், இசையமைத்தவர் பெயரை அவளே சொல்லிவிடுவாள், அப்புறம்தான் நான் அழுத்த வேண்டும்.

15 ஜூலை

நிறையப் பேர் வீட்டில் ரேடியோவிலிருந்து பதிந்த கேசட் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மஸ்கட்டிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த டூ-இன்-ஒன்னில், ரேடியோவும் டேப்பும் சேர்ந்த பெட்டியில், பதிந்ததாக இருக்கும். என் மாமாவிடமும் ஒரு பெட்டி நிறைய இருந்தது. தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். நிலையம் அழித்ததில் கொஞ்சமாவது மிச்சம் இருந்தால் அது இந்தப் பெட்டிகளில்தான் இருக்கும்.

நான் செய்து பார்த்ததைச் சொல்கிறேன். எடுத்தவுடனே ஓடவிட வேண்டாம். நாடாவின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதைத் தனியாக எடுத்து வையுங்கள், மற்ற கேசட்டோடு சேர்க்காதீர்கள். நாடாவுக்குப் பின்னால் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்க வேண்டும். அது விழுந்திருந்தால் சத்தம் மங்கும், வேண்டாத பழைய கேசட் ஒன்றிலிருந்து கழற்றி ஒட்டலாம். மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் நாக்கையும் உடைத்துவிடுங்கள், தவறுதலாக அதன்மேல் பதிந்துவிட முடியாது. டேப் ரெக்கார்டரின் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் துடைத்து, காயவிட்டு, அப்புறம் போடுங்கள். பழைய நாடா முதல் ஓட்டத்திலேயே அறுந்தாலும் அறும், அதனால் சும்மா கேட்டுப் பார்க்காமல் முதல் ஓட்டத்தையே கம்ப்யூட்டரில் பதியுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் (WAV) கோப்பாக வையுங்கள், இடம் கூடப் பிடித்தாலும் பரவாயில்லை.

சத்தம் மந்தமாக இருந்தால் ஹெட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். அதை மெதுவாகத் திருப்பினால் ஓர் இடத்தில் தாளம் பளிச்சென்று தெளியும். ஒவ்வொரு கேசட்டுக்கும் அந்த இடம் மாறும்.

16 ஜூலை

சிவகிரிப் பக்கத்து நேயர் ஒருவர் கேட்கிறார்: அப்பா பதிந்த வில்லுப்பாட்டு கிடைத்திருக்கிறது, நடுவில் மாநிலச் செய்தி வருகிறது, பின்னால் உர விளம்பரம் ஒன்று, இவற்றை வெட்டிவிட்டுப் பாட்டை மட்டும் ஏற்றலாமா?

வெட்டாதீர்கள். செய்தியில் எந்த அமைச்சர் என்ன பேசினார் என்று கேட்டால் அது எந்த வருடம், எந்த வாரம் என்று கண்டுபிடித்துவிடலாம். பாடியவர்கள் பெயரை அறிவிப்பாளர் தொடக்கத்திலோ முடிவிலோ சொல்லியிருப்பார், நாடா முழுவதையும் கேட்டுப் பாருங்கள். பெயர் கிடைத்தால் இங்கே எழுதுங்கள். சிவகிரி, வாசுதேவநல்லூர் பக்கம் கொடைகளுக்குப் போகிற பாட்டுக்காரர்கள் எனக்குச் சிலர் பழக்கம், கேட்டுச் சொல்கிறேன்.